நீலக் கேனும் ஆறு தகடுகளும்

நம் ஆய்வகத்தின் செல் வளர்ப்பு அறையில், அலமாரியின் மேல் தட்டில் காலியான நீலக் கேன் ஒன்று இருக்கிறது. மூடியை நாடா ஒட்டி அடைத்திருக்கிறோம். நாடாவின்மேல் என் பெயர். "இத ஏன்க்கா இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்கீங்க?" என்று போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள். கையில் வேலை இருந்ததால் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். திங்கட்கிழமை முதல் நான் இங்கே இருக்க மாட்டேன். மேற்படிப்புக்காக வேறு ஊருக்குப் போகிறேன். அதனால் பதிலை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஆறு வருடம் இந்த மேசை முன்னால் நின்றிருக்கிறேன். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள். முதல் நாள் வெள்ளைக் கோட்டு போட்டதும் வேலையைத் தொடவில்லை. போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தொட்டேன். பெருமைப்படாமல் எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என்ன செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்கிறேன். உடைந்த எலும்பில் டைட்டானியம் தகடு வைக்கிறார்கள், தேய்ந்த மூட்டில் உலோக மூட்டு வைக்கிறார்கள். உடம்புக்குள் அந்நியப் பொருள் நுழைந்ததும் முதலில் ஓடி வருவது ரத்தத்தின் காவல் செல்கள். அவற்றில் விழுங்குசெல்கள் என்று ஒரு வகை. அவை உலோகத்தின்மேல் போய் உட்கார்ந்து தடவிப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் கூச்சல் போடும். அந்தக் கூச்சல்தான் வீக்கம், வலி, தகடு எலும்போடு ஒட்டாமல் ஆடுவது எல்லாம். பிடித்துவிட்டால் அதே செல்கள் அமைதியாகிப் பழுது பார்க்கிற வேலையைத் தொடங்கும். எந்தப் பரப்பைப் பார்த்துக் கத்துகின்றன, எதைப் பார்த்து அமைதியாகின்றன என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம்.

இதில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட உண்மை ஒன்று உண்டு. செல் உலோகத்தைத் தொடுவதே இல்லை. உலோகத்தின்மேல் என்ன படிந்திருக்கிறதோ அதைத்தான் தொடுகிறது. அம்மா திராட்சை வெட்டும்போது கொத்தைக் காம்பில் மட்டும்தான் பிடிப்பார். பழத்தின்மேல் படர்ந்திருக்கும் மெல்லிய வெண்பொடியில் விரல் பட்டால் அந்த இடம் கறுத்துத் தெரியும். வியாபாரி பழத்தைத் தின்று பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பொடியைத்தான் பார்ப்பார். சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம்தான். ஆனால் என் மேசைக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

கேனின் கதை ஒரு கோடையில் தொடங்கியது.

தகடுகளை அலசுவதற்கான சுத்தத் தண்ணீர் தரும் இயந்திரம் ஒன்று நம்மிடம் இருக்கிறதல்லவா? காலையில் திறந்ததும் முதலில் வரும் இரண்டு லிட்டரைக் கீழே ஊற்றிவிட வேண்டும் என்பது விதி. அந்தக் கோடையில் கட்டிடத்தின் மோட்டார் அடிக்கடி மக்கர் செய்தது. தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. கைகழுவக்கூட வாளி தூக்கினோம். எங்கள் ஊரில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். வருகிற அன்றைக்கு வீட்டில் தண்ணீர் பிடிக்காத பாத்திரம் இருக்காது, டம்ளர்கூட நிறைந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளிடம் போய், பளிங்கு மாதிரித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்று என்றால் கை வருமா?

எனக்கு வரவில்லை. குடிதண்ணீர் வருகிற நீலக் கேன் ஒன்றைக் கழுவி வைத்து, தினமும் அந்த இரண்டு லிட்டரை அதில் பிடித்தேன். தகடுகளை நான்கு முறை அலச வேண்டும். முதல் மூன்று அலசலுக்குக் கேன் தண்ணீர், கடைசி அலசலுக்குப் புதுத் தண்ணீர் என்று நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அதன்பிறகு தகடுகள் எப்படியும் அழுத்தக் கலத்தில் நீராவியில் வெந்து வரப்போகின்றன. எந்தக் கிருமி தப்பும்? அலுவலகத்தில் இதைச் சொன்னபோது என்னைப் பாராட்டினார்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்கிற பொறுப்பான பெண் என்றார்கள். பாராட்டு கிடைத்த காரியத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

பவுன்ராசு அண்ணன் வந்தது அதற்குப் பிறகு.

தேனியில் பஞ்சாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் அவர். டைட்டானியத்தை அமிலத் தொட்டியில் குளிப்பாட்டி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை அதன்மேல் உண்டாக்கும் முறை ஒன்றை நம் ஆய்வகத்தோடு சேர்ந்து இரண்டு வருடம் பாடுபட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்தச் சொரசொரப்பான பரப்பில் எலும்பு நன்றாகப் பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு. காவல் செல்கள் அதை ஏற்றுக்கொள்கின்றனவா என்று பார்ப்பது என் பங்கு. வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வரும். நம் சோதனை நன்றாக இருந்தால் அந்தப் பரப்பு அடுத்த கட்டத்துக்குப் போகும். இல்லையென்றால் அதோடு முடிந்தது.

சோதனை நன்றாக இல்லை. படுமோசமாக இருந்தது. தகடே வைக்காத கிண்ணத்தில் செல்கள் அமைதி. வழவழப்பான சாதாரணத் தகட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு. அண்ணனுடைய தகட்டில் ஊரே திரண்ட கூச்சல். மூன்று பேரின் ரத்தத்தில் செய்து பார்த்தோம், மூன்றிலும் அதே கதை.

நம் தலைமை ஆய்வாளர் மேடம் அட்டவணையைப் பார்த்தார். அவரை உங்களுக்குத் தெரியும். குமுளிக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். பதற்றத்தில்தான் அவர் தமிழில் மலையாளம் கூடும். அன்று கூடியது. "எந்தா செய்ய? செல்லு இஷ்டப்படலன்னா இஷ்டப்படலதான். நாம என்ன அதுகிட்ட மன்றாடவா முடியும்?" என்றவர், அறிக்கையை எழுதத் தொடங்கினார். பவுன்ராசு அண்ணனுக்குத் தகவலும் போனது. குழு வருவதற்குப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குச் செல்வராணியோடு உட்கார்ந்தேன். பக்கத்து மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் தொழில்நுட்பர். மார்க்கையன்கோட்டைக்காரி. ஒரே பஸ்ஸில் வந்து பழக்கமாகிச் சிநேகிதி ஆனவள். அவள் வாய்க்கு எதிர்வாய் கொடுக்க என்னால் இதுவரை முடிந்ததில்லை. சாப்பிட்ட கையைக் கழுவக் குழாயைத் திறந்தாள், தண்ணீர் வரவில்லை.

"இருடி, என்கிட்ட கேன்ல கெடக்கு, கொண்டாரேன்" என்றேன்.

"என்ன தண்ணி?"

"மெசின் தண்ணி. காலையில கொட்டச் சொல்றதப் பிடிச்சு வச்சிருக்கேன். தகடு அலசுறதுக்கு."

"எத்தன நாளா?"

"அது ஆகும் ஒரு மூணு மாசம். கொறையக் கொறையப் பிடிச்சு ஊத்திக்கிருவேன்."

செல்வராணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி, நெசமாத்தான் படிச்சியா, இல்ல சர்டிபிகேட்ட வழியில எடுத்தியா? எங்கன வந்து இதச் சொல்ற! எங்க பிரிவுல ஒருநாளு தண்ணி இப்படித் தேங்கிக் கெடந்தா மறுநாளு பேசண்டுக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடும். குளிரு, காச்சல், பல்லு கிட்டிக்கிரும்."

"நாங்கதான் அப்புறம் ஆவியில வேக வைக்கிறோம்ல?"

"வேக வச்சாச் சாகும். செத்தது எங்கன போகும்? பொணம் அங்கனதான கெடக்கும்!"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் கை கழுவாமலே எழுந்துவிட்டேன்.

உங்களுக்கு இது பாடத்தில் வந்திருக்கும், எனக்கும் வந்தது. சில பாக்டீரியாக்களின் தோலில் ஒரு நச்சு இருக்கிறது. பாக்டீரியாவைக் கொன்றாலும் அந்தத் தோல்நச்சு அழியாது, நீராவிக்கும் மசியாது. காவல் செல்கள் உலகத்தில் எதற்குப் பயப்படுகின்றனவோ இல்லையோ, இதைத் துளி கண்டாலும் கத்தும். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பதில் அது. அந்தப் பதிலையும் என் கேனையும் மூன்று மாதமாக ஒரே அறையில் வைத்திருந்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஓடிப்போய்ப் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். அண்ணனுடைய தகட்டுக்குப் பழைய கணக்கு கிடையாது, அது புதிது. ஆனால் வழவழப்பான தகட்டுக்கு மூன்று வருடக் கணக்கு இருந்தது. எடுத்துப் பார்த்தால் அந்தத் தகட்டில் செல்கள் முணுமுணுத்ததே இல்லை. கேன் வந்த வாரத்திலிருந்துதான் முணுமுணுப்பு. நாங்கள் எல்லோரும் கூச்சல் போட்டவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போதும் சும்மா இருக்கிறவன் ஏன் முனகுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு நான் விட்டுப்போகிற சொத்தில் முதலாவது இது. ஒப்பீட்டுக்காக ஓரமாக வைத்திருக்கிற சாதுவான தகட்டை முதலில் பாருங்கள். அது மாறியிருந்தால் தப்பு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது.

செல்வராணியின் பிரிவில் அந்த நச்சைக் கண்டுபிடிக்கும் சோதனைக் குழாய்கள் இருந்தன. முறைப்படி கேட்டு மூன்று வாங்கினேன். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் இயந்திரத்தின் புதுத் தண்ணீர், ஒன்றில் நச்சே இல்லாத நீர். உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். திரவம் வழிந்து ஓடினால் சுத்தம். கட்டியாகி அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் நச்சு உண்டு.

நச்சில்லாத நீர் வழிந்தது. புதுத் தண்ணீர் வழிந்தது. கேன் தண்ணீர் கெட்டித் தயிர் மாதிரி அப்படியே தலைகீழாக நின்றது.

"நல்லா ஒறஞ்சிருக்கு. பேசாம ஒற மோருக்கு வச்சுக்க" என்றாள் செல்வராணி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொரசொரப்பான தகட்டில் பள்ளங்கள் அதிகம். அத்தனை பள்ளத்திலும் அந்தத் தோல்நச்சு போய் ஒளிந்துகொண்டிருக்கும். கடைசியாக ஒருமுறை புதுத் தண்ணீரில் அலசியது எந்த மூலைக்கு? அண்ணனின் தகட்டைப் பார்த்துச் செல்கள் கத்தவில்லை. என் சிக்கனத்தைப் பார்த்துக் கத்தின.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றாள்.

எனக்கும் அதுதான் கேள்வி. என் பணி ஒரு வருட ஒப்பந்தம். நீட்டிப்புத் தாள் அப்போது மேடம் மேசையில்தான் கிடந்தது. செல்வராணி சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கேனத் தூக்கி எறி. புதுத் தண்ணியில அலசி இன்னொருக்கச் செஞ்சு, ரெண்டாவது தடவ நல்லா வந்துச்சுன்னு சொல்லிரு. யாருக்கும் நட்டமில்ல. ஒன் வேலையும் பொழைக்கும், அந்த மனுசனும் பொழைப்பாரு."

ஒரு நிமிடம், உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடத்துக்கும் மேல், அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. பிறகு குழுவின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். முதல் தடவை மோசம், இரண்டாம் தடவை பிரமாதம், காரணம் தெரியாது என்றால் நான் நம்புவேனா? பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பேன். கெட்ட விடைக்குக் காரணம் சொல்லாதவரை நல்ல விடைக்கு மதிப்பு கிடையாது. அண்ணனின் தகட்டைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்தக் கேனோடு நான் உள்ளே போக வேண்டும்.

கேனைத் தூக்கிக்கொண்டே போனேன். மேடம் மேசைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, கவிழ்ந்து நின்ற குழாயைக் காட்டி, மூன்று மாதக் கதையையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கேனின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"விதி எழுதி ஒட்டிருக்கே. வாயிச்சில்லே?"

"படிச்சேன் மேடம். தண்ணியக் கொட்ட மனசு வரல."

"ம். இந்தத் தண்ணிதான் காரணம்னு நீ பறயுது. பறஞ்சா போதாது மோளே, காட்டித் தரணும். இனி ஒரு சோதனைக்குத்தான் நேரம் உண்டு."

கணக்கு அப்படித்தான் இருந்தது. ரத்தத்திலிருந்து பிரித்த செல்கள் முதிர்ந்து விழுங்குசெல்களாக ஒரு வாரம் ஆகும். தகட்டின்மேல் ஒருநாள். அளந்து எழுத ஒருநாள். இடையில் எது கெட்டாலும் மறுமுறைக்கு நாள் கிடையாது. அதோடு, கேன் தண்ணீர் படாத புதுத் தகடுகள் வேண்டும்.

அன்றே பவுன்ராசு அண்ணனின் பட்டறைக்குப் போனேன். லேத்தில் பஞ்சாலைக்கான தண்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அமிலத் தொட்டியின்மேல் தகரம் போட்டு மூடி, அதன்மேல் இரண்டு இரும்புக் கட்டியையும் ஏற்றி வைத்திருந்தார்.

"வா ஆத்தா. மேடம் போன் பண்ணுனாக. சொல்லிட்டாக. அதான் தொட்டிய மூடிட்டேன். நமக்குத் தண்டும் கப்பியும் போதும்னு ஆண்டவன் நெனச்சிட்டான் போல."

"அண்ணே, ஒங்க தகட்டுல கோளாறு இல்ல. கோளாறு என்கிட்ட."

லேத்தை நிறுத்தினார். முழுக் கதையையும் நின்றபடி கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப ஒங்க தண்ணிக்கு என் தகடு பழி சொமந்துச்சா? ரெண்டு நாளா நான் சோறு எறங்காமக் கெடக்கேன். எங்கன தப்பு விட்டேன், அமிலம் கூடிப் போச்சா, நேரம் கொறஞ்சு போச்சான்னு மண்டையப் பிச்சுக்கிட்டிருக்கேன். நீ கேன்ல தண்ணி பிடிச்சு வெளாண்டிருக்க!"

"ஆமாண்ணே."

"ஆமாண்ணேயாம்! மழுப்பவாவது செய்யேன் ஆத்தா. திட்டுறதுக்கு வசதியா இருக்கும்ல?"

அவர் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தார். பிறகு தொட்டியின்மேல் இருந்த இரும்புக் கட்டியில் ஒன்றைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"எத்தன தகடு?"

"ஆறு."

"நாளைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள வந்து வாங்கிக்க. கேன் மட்டும் கொண்டு வந்த, பாத்துக்க!"

தகடுகள் வந்ததும் மேடம் என்னை அறையை விட்டு வெளியே அனுப்பினார். அவரும் செல்வராணியும் உள்ளே உட்கார்ந்து அலசினார்கள். எந்தத் தகடு கேன் தண்ணீரில் அலசியது, எது புதுத் தண்ணீரில் அலசியது என்று எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். ஆறு தகட்டுக்கும் அடையாளப் பெயர் வைக்கும் பொறுப்பைச் செல்வராணியிடம் விட்டார்கள். அவள் நாங்கள் வருகிற பஸ்ஸின் வழியை அப்படியே எழுதிவிட்டாள்: கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி. எந்தப் பெயர் எந்தத் தண்ணீர் என்ற தாளை உறையில் போட்டு ஒட்டி மேடம் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ரத்தம் கொடுக்க முன்வந்த மூவரில் செல்வராணியும் ஒருத்தி. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "என் செல்லு வாயாடி. ஒண்ணுமில்லாததுக்கே கத்தும், எதுக்கும் பாத்துக்க" என்றாள்.

அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதப் போவதில்லை. செல்கள் வளரும் காப்பகப் பெட்டியின் கதவை ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கலாம் என்ற விதியை மட்டும் ஒருமுறைகூட மீறவில்லை. இனி எந்த விதியையும் என் வசதிக்குத் திருத்துவதில்லை என்று இருந்தேன்.

எட்டாம் நாள் ஒவ்வொரு தகட்டிலும் மூன்று வட்டம் பிரித்து, மூவரின் செல்களையும் தனித்தனியாக விட்டேன். ஒன்பதாம் நாள் அளந்தேன். கூடலூர் அமைதி. கம்பம் கூச்சல். உத்தமபாளையம் கூச்சல். சின்னமனூர் அமைதி. தேனி கூச்சல். மூன்று பேர் ரத்தத்திலும் அதே வரிசை. இவ்வளவு தெளிவாக எந்தச் சோதனையும் என்னிடம் பேசியதில்லை.

வீரபாண்டி மட்டும் ஒத்துவரவில்லை. அமைதியும் இல்லை, கூச்சலும் இல்லை, நடுவில் நின்றது. மூன்று பேர் ரத்தத்திலும் நடுவிலேயே நின்றது.

கணக்குப்படி மூன்று கேன் தகடு, மூன்று புதுத் தண்ணீர்த் தகடு இருக்க வேண்டும் என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். கூச்சல் மூன்று கிடைத்துவிட்டது. அமைதி இரண்டுதான். வீரபாண்டியைக் கொஞ்சம் கீழே தள்ளி அமைதியில் சேர்த்துவிட்டால் படம் கச்சிதமாக முடியும். அல்லது தகட்டில் ஏதோ கீறல் என்று எழுதி நீக்கிவிடலாம். ஒரு தகட்டால் முழுச் சோதனையும் சந்தேகத்துக்கு இடமாகிவிடுமோ, அண்ணனின் தொட்டியை மறுபடி மூட வைத்துவிடுவேனோ என்று பயந்தேன். கடைசியில், 'வீரபாண்டி: இரண்டுக்கும் நடுவில். காரணம் எனக்குத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு மேடத்திடம் கொடுத்தேன்.

அவர் படித்தார். வீரபாண்டி வரியில் விரலை வைத்துச் செல்வராணியைப் பார்த்தார். செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெட்டியைத் திறந்து, உறையைக் கிழித்து, தாளை என் கையில் கொடுத்தார்கள்.

கம்பம், உத்தமபாளையம், தேனி: கேன் தண்ணீரில் மூன்று அலசல். கூடலூர், சின்னமனூர்: முழுக்கப் புதுத் தண்ணீர்.

வீரபாண்டி: கேன் தண்ணீரில் ஒரே ஒரு அலசல்.

"மூணு மூணா இருக்கும்னு யாரு பறஞ்சது?" என்றார் மேடம். "நீ ஆசைப்பட்டத எழுதுமா, இல்ல கண்டத எழுதுமான்னு எனக்கு அறியணும். வீரபாண்டிய எங்காவது தள்ளி விட்டிருந்தா குழுவுக்கு முன்னால நான் உன்ன நிறுத்த மாட்டேன்."

"நான் அப்பவே சொன்னேன் மேடம், இவ தண்ணியத்தான் பதுக்குவா, கணக்கப் பதுக்க மாட்டான்னு" என்றாள் செல்வராணி.

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் அவர்களுக்குள் சண்டை நடக்கிறது. கேன் தண்ணீர் கூடினால் கூச்சல் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது, இல்லையென்றால் இல்லை. தகடு ஆறும் ஒரே தொட்டியில் குளித்தவை. இதைவிடத் தெளிவான சாட்சியை எந்த நீதிமன்றத்திலும் கொண்டுவர முடியாது. நடுவில் நின்று என்னைப் பயமுறுத்திய அந்த வீரபாண்டிதான் எங்கள் தரப்பின் பெரிய சாட்சி.

குழு வந்த அன்று மேடம் பேசவில்லை, என்னைப் பேசச் சொன்னார். முதல் படமாக நீலக் கேனின் போட்டோவைப் போட்டேன். "இந்தத் தவற்றைச் செய்தவள் நான்" என்று தொடங்கினேன். பழைய மோசமான சோதனை, கவிழ்ந்து நின்ற குழாய், ஆறு ஊர்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினேன். வந்தவர்களில் மூத்தவர் ஒருவர் குறுக்கிட்டு, "அந்த வழவழப்பான தகடு மாறியிருக்கிறதை நீங்களாகத்தான் கவனித்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவர் வீரபாண்டியைக் காட்டி, "இது என்ன ஊர்?" என்றார். "பெரிய திருவிழா நடக்கும் ஊர் சார்" என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. நான் முடித்ததும் கைதட்டினார்கள்.

பவுன்ராசு அண்ணனின் பரப்பு அடுத்த கட்டத்துக்குத் தேர்வானது. அதன்பின் வேறு பலருடைய ரத்தத்திலும் செய்து பார்த்தோம். அந்தச் சொரசொரப்பில் செல்கள் அமைதியாகவே உட்கார்ந்தன. செய்தியைச் சொல்ல நானே பட்டறைக்குப் போனேன். தொட்டியின்மேல் இருந்த தகரத்தையும் மிச்சமிருந்த இரும்புக் கட்டியையும் அன்றே அப்புறப்படுத்தினார். "ஆத்தா, ஒன்னயத் திட்டுனதத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றார். பிறகு யோசித்து, "பாதி மட்டும். ரெண்டு நாளு சோறு எறங்கலல்ல?" என்றார்.

என் ஒப்பந்தமும் நீண்டது. அதைவிடப் பெரிய பெருமை ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நானில்லை. தகடுகளைத் தேங்கிய தண்ணீர் படாமல் அலசி, அலசிய நீரையும் சோதனைக் குழாயில் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்த பிறகே செல்லை விடவேண்டும் என்ற முறையை நாம் கையேட்டில் சேர்த்தோம். அதற்கு மேடம் வைத்த பெயரைத்தான் நீங்கள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கே.கே.பட்டி அலசல். ஏதோ வெளிநாட்டுப் பெயரின் சுருக்கம் என்று உங்களில் ஒருவர் நினைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். இல்லை. அது காமயகவுண்டன்பட்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊர்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மா தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பெரியவர்கள் எல்லாம் எனக்குக் கைதட்டினார்கள் என்றேன்.

"அப்படி என்னத்தடி செஞ்ச?"

எவ்வளவோ விளக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். செல், தகடு, நச்சு. அம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இனிமே காலையில வர்ற ரெண்டு லிட்டர் தண்ணியப் பிடிச்சு வைக்காமக் கீழ ஊத்தணும்மா. அதக் கண்டுபிடிச்சேன்" என்றேன்.

அம்மா குடத்தை மூடிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார்.

"நல்ல தண்ணியக் கீழ ஊத்துனதுக்கா ஒனக்குக் கை தட்டுனாக?"

"ஆமாம்மா."

"ஏலே, அப்பாவக் கூட்டிக்கிட்டு இங்கன வா" என்று உள்ளே இருந்த தம்பியைக் கூப்பிட்டார். "ஒங்க அக்கா தண்ணியக் கொட்டி மெடலு வாங்கிட்டு வந்திருக்கா!" அன்று தெருவுக்கே அந்தச் செய்தி போனது. கேட்டவர்கள் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் அம்மா சொன்ன தோரணையில் பெரிய காரியம்தான் என்று நம்பிவிட்டார்கள். அவர்கள் நம்பியது சரிதான்.

அதனால் தம்பி தங்கைகளே, அந்தக் கேனை எறிய வேண்டாம். என் பெயரையும் உரிக்க வேண்டாம். தப்பு செய்கிற நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்குக் கேனைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மேடம் அறைக்குப் போங்கள். என்ன, ஏது என்று அவர் புரிந்துகொள்வார். மற்றபடி தினமும் காலையில் வந்ததும் இயந்திரத்தைத் திறந்து முதல் இரண்டு லிட்டரைக் கீழே ஊற்றுங்கள். ஊற்றும்போது மனசு கொஞ்சம் வலிக்கும். எனக்கு இன்று காலையிலும் வலித்தது. ஊற்றினேன்.